ஓம், தெரியுது

முருகேசுவின் வலது கண்ணுக்குள் முதலில் வந்தவை இலையான்கள். அவை கண்ணுக்குள்தான் பறக்கின்றன என்பது தெரியாமல் அவர் கத்தரித் தோட்டத்துக்கு இரண்டு தரம் மருந்தடித்தார்.

மட்டுவில் ஊரில் கத்தரி வைக்கிற மனிதருக்குப் பூச்சிகளோடு நல்ல பழக்கம். தண்டைத் துளைக்கிறது எது, காயைத் துளைக்கிறது எது, சும்மா வந்து இருந்துவிட்டுப் போகிறது எது என்று எல்லாம் தெரியும். ஆனால் இந்த இலையான்கள் ஒரு செடியிலும் குந்தவில்லை. அவர் வடக்கே பார்த்தால் வடக்கே பறந்தன, தெற்கே பார்த்தால் தெற்கே பறந்தன. மருந்துக் கடைக்காரர் விவரத்தைக் கேட்டுவிட்டு, கொஞ்சமும் யோசிக்காமல், "இது புது இனம்" என்று இன்னும் காரமான ஒரு போத்தலை எடுத்துக் கொடுத்தார்.

மூன்றாம் தரம் மருந்துத் தாங்கியை முதுகில் கொழுவிக்கொண்டு நின்றபோது மனைவி அருந்ததி தேத்தண்ணியோடு வந்தாள்.

"எங்கையப்பா இலையான்?"

"உந்தா, உம்மடை மூக்குக்கு முன்னாலை."

அருந்ததி தன் மூக்குக்கு முன்னால் பார்த்தாள். காற்றுத்தான் இருந்தது.

அடுத்தநாள் மின்னல் தொடங்கியது. நல்ல வெயிலில், முற்றத்துப் பாயில் காய்ந்த செத்தல் மிளகாயை முருகேசு ஓடிஓடி அள்ளிக் கொண்டுவந்து உள்ளே போட்டார். "மழை வரப்போகுது, அங்காலை மின்னுது" என்றார். அருந்ததி அண்ணாந்து பார்த்தாள். வானம் கழுவிக் கவிழ்த்த சட்டி மாதிரி இருந்தது. அதற்கடுத்த நாள் மூக்குப் பக்கத்திலிருந்து ஒரு கறுப்புச் சீலை மெல்ல இழுபட்டு வந்து பாதி உலகத்தை மூடியபோதுதான் இருவரும் பஸ் ஏறினார்கள்.

இதில் ஒரு சங்கடம் என்னவென்றால், முருகேசுவிடம் இருந்ததே அந்த ஒரு கண்தான். இடது கண் ஒன்பது வயதிலேயே போய்விட்டது. அண்ணர் ஆழ்வாப்பிள்ளை விளையாட்டில் கிட்டியால் அடித்த புள்ளு ஒழுங்கை முழுவதையும் விட்டுவிட்டு நேரே அந்தக் கண்ணுக்குள் வந்து விழுந்தது. அதன்பிறகு அதில் இரவும் பகலும் மட்டும் தெரியும்.

ஆழ்வாப்பிள்ளை இப்போது பக்கத்து வளவில்தான் இருக்கிறார். கண் போன விசயத்தில் சகோதரர்களுக்குள் ஒருநாளும் கோபம் வந்ததில்லை. கோபம் வந்தது வேலியால். எல்லையில் நிற்கும் ஒரு பூவரசங் கதியாலை அண்ணர் அரை முழம் தள்ளி நட்டார் என்று இவர் சொன்னார். கதியால் நேரேதான் நட்டது, அது தானாக வளைந்து வளர்ந்தது என்று அவர் சொன்னார். இது நடந்து பதினொரு வருசம். கதியால் மரமாகிவிட்டது. இந்த வீட்டில் அண்ணரின் பெயர் எடுபடுவதில்லை, "பக்கத்து வளவு" என்று மட்டும் சொல்வார்கள். காலையில் தோட்டத்துக்குள் இறங்கினால் வேலிக்கு மேலால் ஒரு பெரிய நரைத்த மீசை தெரியும். அதைப் பார்க்காததுபோல இருவரும் வேலை செய்வார்கள்.

பட்டணத்து ஆஸ்பத்திரியில், கொழும்பிலிருந்து மாதத்துக்கு இரண்டு தரம் வரும் விழித்திரை வைத்தியர் முருகேசுவின் கண்ணைப் பார்த்துவிட்டு ஒரு கடதாசியில் வட்டம் கீறினார்.

"ஐயா, கண்ணுக்குப் பின்சுவரிலை ஒரு திரை ஒட்டியிருக்கு. அது கழண்டு போச்சு. திருப்பி ஒட்டவேணும். உள்ளுக்கை காஸ் விடுவம். குமிழி எப்பவும் மேலைதானே மிதக்கும். நீங்கள் குப்புறக் கிடந்தா அது பின்சுவரிலை போய்த் திரையை அமத்திப் பிடிக்கும். பத்து நாள். சாப்பாட்டுக்கும் கக்கூசுக்கும் மட்டும் எழும்பலாம், அதுவும் குனிஞ்ச தலையோடை."

"காஸெண்டா, அடுப்பு காஸோ?" என்று அருந்ததி கேட்டாள்.

"இல்லையம்மா, இது வேறை."

ஒப்பரேசன் நடந்தது. முருகேசு வீட்டுக்கு வந்து குப்புறக் கிடந்தார். கண்ணுக்குள் மேசன்மார் மட்டம் பார்க்கிற கோலில் உள்ள குமிழிபோல ஒன்று ஆடுகிறது என்று சொன்னார். மறுநாள் சனம் வருத்தம் பார்க்க வரத் தொடங்கியது.

வருத்தம் பார்க்க வருகிறவர்கள் சும்மா வருவதில்லை. தோடம்பழமும் பிஸ்கற்றுமாக வெயிலுக்குள் சைக்கிள் மிதித்து வருகிறார்கள். அப்படி வந்த ஓய்வுபெற்ற அதிபரை, கோயில் தர்மகர்த்தாவை, ஒன்றுவிட்ட தங்கச்சி கேதீஸ்வரியைப் பிடரியால் வரவேற்கும் பழக்கம் முருகேசுவின் பரம்பரையில் ஒருவருக்கும் இருந்ததில்லை. வாசல் படலை கிறீச்சிட்டதும் எழும்பி, சேர்ட்டை மாட்டி, கதிரையில் நிமிர்ந்து இருந்துவிடுவார். வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

"எப்பிடி, தெரியுதோ?"

"ஓம், தெரியுது."

"வடிவாத் தெரியுதோ?"

"ஓம் ஓம், வடிவாத் தெரியுது."

அவர்கள் சந்தோசமாகத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். தோடம்பழம் கொண்டுவந்த மனிதருக்கு முகத்துக்கு நேரே தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? குமிழி நாளுக்கு நாள் சிறுத்தது. ஒருநாள் காணாமல் போனது. அப்போதும் ஓம், தெரியுது. பாரிசில் இருக்கும் மகன் கஜீபன் கேட்டான், ஓம், தெரியுது. அருந்ததி கேட்டாள், அவளுக்கும் அதே பதில். நடுவில் ஒரு கிளினிக் நாள் வந்தது. "தெரியுதுதானே, பேந்து ஏன் போய் அந்த மனுசனைக் கரைச்சல் படுத்துவான்" என்று சொல்லிப் போகாமல் விட்டார். அவள் நம்பினாள். கதவு நிலையில் அவர் தோளை இடித்துக்கொண்டபோது கதவைத்தான் ஏசினாள்.

ஆறாம் கிழமை வைத்தியர் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். கனநேரம் பார்த்தார்.

"ஐயா, திரை திரும்பக் கழண்டிருக்கு. கீழ்ப்பாதி. தழும்பு பிடிச்சு இழுக்குது. எப்ப தொடக்கம் தெரியேல்லை?"

"எனக்குக் கீழை தெரியுது டொக்டர். மேலைதான் மறைக்குது."

"கீழை கழண்டா மேலைதான் மறைக்கும்."

அருந்ததி இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"எப்ப தொடக்கம்?" என்று வைத்தியர் மறுபடியும் கேட்டார்.

"காஸ் கரைஞ்சுகொண்டு போகேக்கையே."

"அப்ப ஏன் வரேல்லை? கொஞ்சம் மறைச்சாலும் உடனை வாங்கோ எண்டு துண்டிலை எழுதித் தந்தனான்."

"எல்லாரும் தெரியுதோ எண்டு கேட்டவை டொக்டர். நான் ஓமெண்டு சொல்லிப்போட்டன்." முருகேசு தரையைப் பார்த்தார். "பேந்து அதை எப்பிடி மாத்துறது?"

வைத்தியர் பேனாவை மேசையில் வைத்தார். கொழும்பிலும் வெளிநாட்டிலும் படித்தவர். இப்படியொரு அறிகுறியை அவர் எந்தப் புத்தகத்திலும் படித்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"டொக்டர், ஒப்பரேசன் பிழைச்சுப் போச்சோ?" என்றாள் அருந்ததி.

"இல்லையம்மா. ஒப்பரேசன் சரி."

"அப்ப கண் சரியோ?"

"கண் சரியில்லை."

"இவர் எழும்பி எழும்பி இருந்ததாலையோ?"

"அதாலையும் இருக்கலாம். எழும்பாமல் கிடந்தவைக்கும் சிலபேருக்கு வாறது."

அருந்ததிக்கு அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. யாராவது ஒருவரில் பிழை இருந்தால் பஸ்ஸில் வரும்போது அவரைத் திட்டிக்கொண்டு வரலாம். இது ஒருவருடைய பிழையும் இல்லை, எல்லாருடைய பிழையும்தான்.

"இன்னுமொருக்காச் செய்வம்" என்றார் வைத்தியர். "தழும்பை உரிச்செடுத்திட்டு, இந்தமுறை காஸ் இல்லை, எண்ணெய் விடுவம். அது கரையாது, கனநாள் அமத்திக்கொண்டு நிக்கும். மூண்டு நாலு மாசத்தாலை எடுக்கலாம். ஆனா ஒண்டு சொல்லுறன். இதுவும் விட்டா, பிறகு செய்யிறதிலை பிரயோசனமிராது. எவ்வளவு தெரியுமெண்டும் இப்ப சொல்லேலாது. ஆக்களின்ரை முகம் தெரிஞ்சா நல்லது."

இரண்டாவது ஒப்பரேசன் முடிந்து வந்த அன்றைக்கே அருந்ததி வீட்டுச் சட்டத்தை மாற்றினாள். படலையைக் கம்பியால் கட்டினாள். மால் கொட்டிலில் கிடந்த சாக்குக் கட்டிலை இழுத்துவந்து, தலைமாட்டில் முகம் போகிற அளவுக்குக் கத்தியால் வட்டமாக ஓட்டை வெட்டினாள்.

"நல்ல சாக்கு" என்றார் முருகேசு.

"நல்ல கண்ணும்தான். படுங்கோ."

அவர் குப்புறப் படுத்து முகத்தை ஓட்டைக்குள் விட்டார். கீழே வெறும் சீமெந்துத் தரை. பிட்டைக் குனிந்த தலையோடு கட்டில் ஓரத்தில் இருந்து தின்றார். தேத்தண்ணியைக் கீழே வைத்த கோப்பையிலிருந்து ஸ்ரோவால் உறிஞ்சினார். கஜீபன் பாரிசிலிருந்து நெற்றில் பார்த்துச் சிலபேர் சரிந்து படுக்கிறார்கள் என்றான். "அவையள் அங்கை சரியட்டும்" என்று சொல்லி அவள் போனை வைத்துவிட்டாள்.

முதல் ஆளாக வந்த கேதீஸ்வரி படலையில் தட்டினாள்.

"மச்சாள், என்ன கட்டிப்போட்டிருக்கிறியள்? நாய் வளக்கிறியளோ?"

"டொக்டர் ஆக்களை விடவேண்டாமெண்டவர்."

"நான் ஆக்களே? கண்ணுக்கை எண்ணெய் விட்டதெண்டு கதைக்கினம், என்ன எண்ணெயாம்?"

"சிலிக்கனோ என்னவோ."

"நல்லெண்ணெய் விடேலாதாமோ? தலைக்கே குளிர்ச்சி, கண்ணுக்குக் கேக்கவேணுமே?"

"உது வேறை மச்சாள். மூண்டு மாசத்தாலை திருப்பி எடுப்பினமாம்."

"எடுக்கிறதை ஏன் பின்னை விட்டவை?"

இதே கேள்வியை அருந்ததியும் வைத்தியரிடம் கேட்டவள்தான். அவர் சொன்ன பதில் அங்கே நல்ல தெளிவாக விளங்கியது. சாவகச்சேரி பஸ் நிலையத்தில் இறங்கும்போது அதைக் காணவில்லை.

"சரி, முகத்தைக் காட்டவேண்டாம்" என்றாள் கேதீஸ்வரி. "அண்ணையின்ரை பிடரியையெண்டாலும் காட்டுங்கோவன், பாத்திட்டுப் போறன்."

"பிடரிக்கு ஒரு வருத்தமும் இல்லை மச்சாள்."

கேதீஸ்வரி தோடம்பழத்தைத் திருப்பிக் கொண்டுபோனாள். அந்த ஒழுங்கையில் அப்படியொரு சம்பவம் முன்பு நடந்ததில்லை.

கத்தரி யாருக்காகவும் காத்திருக்காது. விடிய வெள்ளன அருந்ததி இறைக்கிற மெசினை இழுத்து ஸ்ராட் செய்து, வாய்க்காலுக்கு வாய்க்கால் மண்ணை வெட்டித் தண்ணீர் மாறினாள். முள்ளுக் குத்தக் குத்தக் காய் பிடுங்கினாள். மூட்டை கட்டிக் கொடிகாமம் சந்தைக்குப் போகிற லான்ட்மாஸ்ரரில் ஏற்றிவிட்டாள். நிமிர்ந்து இடுப்பைப் பிடிக்கிற நேரமெல்லாம் வேலிக்கு மேலால் அந்த மீசை அசையாமல் நின்றது. முன்பு அது தோட்டத்தைப் பார்க்கும். இப்போது வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவள் பார்த்ததும் குனிந்து எதையோ தேடியது.

அவளுக்குத் தேவையாக இருந்தது ஒரேயொரு செய்தி. இந்த மனுசனுக்குத் தெரிகிறதா, இல்லையா?

"என்னப்பா, இண்டைக்கு எப்பிடி? தெரியுதோ?"

ஓட்டைக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஓம், தெரியுது."

இப்போது அவள் மிகவும் பயந்துபோயிருந்தது அந்த இரண்டு சொல்லுக்குத்தான். ஆறாம் நாள் ஒரு உபாயம் செய்தாள். குசினியிலிருந்து கத்தரிக்காய்க் கடகத்தோடு வந்து கட்டிலுக்கருகில் குந்தி இருந்தாள்.

"இப்ப உங்கடை முகத்துக்கு நேரை கீழை கத்தரிக்காய் வைச்சிருக்கிறன். எத்தினை?"

முருகேசு முகத்தை ஓட்டைக்குள் இன்னும் அமத்தினார்.

"மூண்டு" என்றார் முருகேசு.

"வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ."

"மூண்டுதான் அப்பா. நடுவிலை கிடக்கிறது கொஞ்சம் பெரிசு."

அருந்ததி தரையைப் பார்த்தாள். அவள் ஒன்றும் வைக்கவில்லை. கடகத்தைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போய், அடுப்புக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். தெரியாததால் மூன்று என்றாரா? தெரிந்தும், அவள் வைத்ததாகச் சொல்லிவிட்டாளே என்று மரியாதைக்கு மூன்று என்றாரா? அந்த மனுசனில் இரண்டும் நடக்கக்கூடியதுதான். இனிக் கேட்பதில்லை என்று முடிவு செய்தாள். பத்தாம் நாள் கிளினிக். வைத்தியர் பார்த்துச் சொல்லட்டும். இதுவும் விட்டா, என்று அவர் தொடங்கிய வசனத்தை அவள் முடிக்காமல் வைத்திருந்தாள்.

எட்டாம் நாள் காலை தோட்டத்தில் நின்றபோது வேலிக்கு மேலால் மீசை தெரியவில்லை. பகல் முழுதும் தெரியவில்லை. கிழவருக்கு ஏதும் சுகமில்லையோ என்று நினைத்தாள். வீட்டில் சொல்லவில்லை. சொல்லவேண்டுமென்றால் பெயரை எடுக்கவேண்டும்.

ஒன்பதாம் நாள் பின்னேரம் படலையில் ஒரு செருமல் கேட்டது. அருந்ததி எட்டிப் பார்த்தாள். ஒரு மொட்டைத் தலை நின்றது. மீசையும் இல்லை. யாரோ கோயிலுக்குக் காசு சேர்க்க வந்தவர் என்று நினைத்துக் கிட்டப் போனபிறகுதான் ஆளைத் தெரிந்தது. ஆழ்வாப்பிள்ளை. பக்கத்து வளவிலிருந்து வருவதற்கு வேலியில் நுழைகிற பொட்டு போதும். அவர் றோட்டால் சுற்றி, சேர்ட் போட்டு, வெளியூர் ஆள் மாதிரி வந்திருந்தார். காது மடலுக்குப் பின்னால் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. சந்நிதி கோயிலில் நேர்த்திக்கு மொட்டை அடித்தவர்களின் தலையில் பூசுகிற சந்தனம்.

அருந்ததி கம்பியை அவிழ்த்தாள்.

"உள்ளை நிக்கிறானோ, பிள்ளை?"

"கிடக்கிறார், அத்தான்."

ஆழ்வாப்பிள்ளை உள்ளே வந்து இன்னொருதரம் செருமினார். சாக்குக் கட்டிலில் முருகேசுவின் முதுகு விறைத்தது. பதினொரு வருசமாக வேலிக்கு அங்கால் கேட்ட செருமல் இப்போது தலைமாட்டில் கேட்கிறது. இரண்டு கையும் கட்டில் சட்டத்தை ஊன்றின. அருந்ததி பாய்ந்துபோய் அவருடைய பிடரியில் உள்ளங்கையை வைத்து அமத்தினாள்.

"அசையக்கூடாது!"

"விடும். அண்ணை வந்திருக்கிறார்."

"ஆர் வந்தாலும் நாளையோடைதான் எழும்பலாம்."

"மூத்த மனுசன் வந்து நிக்க நான் குப்புறக் கிடக்கிறதோ?"

"போனமுறை ஊரிலை உள்ள மூத்த மனுசர் எல்லாருக்கும் எழும்பினியள்தானே. கண்டனிங்கள்தானே முடிவை."

ஆழ்வாப்பிள்ளை தம்பியின் பிடரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் வாசல் மிதிச்சு வந்திருக்கிறன். இவன் முகத்தைக் குத்திக்கொண்டு கிடக்கிறான்."

"அத்தான், அது கோபமில்லை. வைத்தியம். எல்லாருக்கும் படலையோடைதான். உங்களை மட்டும்தான் உள்ளை விட்டனான்."

"எத்தினை நாளைக்கு உப்பிடி?"

"நாளைக்குக் கிளினிக். அதுக்குப் பிறகு வந்தியளெண்டா..."

அவள் வசனத்தை முடிக்கவில்லை. இன்று திரும்பிப் போனால் இந்த மனுசன் நாளை வரமாட்டார் என்பது மூவருக்கும் தெரியும். றோட்டால் சுற்றி வருகிற தைரியம் பதினொரு வருசத்துக்கு ஒருதரம்தான் வரும்.

ஆழ்வாப்பிள்ளை கதிரையைப் பார்த்தார். கதிரையில் இருந்தால் பிடரிதான் தெரியும். கட்டிலுக்குக் கீழே பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டினார். ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றினார், அது சத்தம் போட்டது. மற்ற முழங்காலையும் ஊன்றினார், அது இன்னும் பெரிதாகச் சத்தம் போட்டது. சீமெந்துத் தரையில் மல்லாக்கப் படுத்து, லொறிக்குக் கீழே போகிற மெக்கானிக் மாதிரி, குதிக்காலால் உந்தி உந்தித் தலைமாட்டுப் பக்கமாகக் கட்டிலுக்குள் போனார். அறுபத்தெட்டு வயது. பாதி வழியில் சேர்ட் சாக்கில் மாட்டியது. அருந்ததி குனிந்து எடுத்துவிட்டாள்.

மேலே ஒரு முகம் கீழே பார்த்தது, கீழே ஒரு முகம் மேலே பார்த்தது. நடுவில் ஒரு முழம்.

வெளியே ஒரு காகம் மிளகாய்ப் பாயில் வந்து குந்தியது. அதைக் கலைக்கவேண்டுமென்று அருந்ததிக்குத் தோன்றியது. ஆனால் அசையவில்லை.

"அண்ணை" என்றார் முருகேசு.

"ம்."

"மீசை எங்கை?"

"எடுத்துப்போட்டன்."

"ஏன்?"

"வெக்கை."

"தலையும் மொட்டையாக் கிடக்கு."

"வெக்கையெண்டு சொல்லுறன்தானே."

"மாரி தொடங்கப்போகுது, இப்பதான் உங்களுக்கு வெக்கையோ?"

"என்ரை மயிர், நான் எடுப்பன் விடுவன். உனக்கென்ன?"

அருந்ததி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். முந்தாநாள் காலைவரை அந்த மீசை வேலிக்கு மேலே இருந்தது. அது போனதை யார் இவருக்குச் சொன்னது? படலை கட்டியிருக்கிறது. அவள் சொல்லவில்லை, அண்ணரும் சொல்லவில்லை. இரண்டுதரம் எண்ணிப் பார்த்தாள். யாரும் சொல்லவில்லை. இனிக் கேட்பதில்லை என்று எடுத்த முடிவு அவளுக்கு மறந்துபோய்விட்டது.

"என்னப்பா... தெரியுதோ?"

ஓட்டைக்குள்ளிருந்து உடனே பதில் வரவில்லை. அந்த மனுசன் யோசித்துப் பதில் சொல்வது இதுவே முதல்தரம்.

"வடிவாத் தெரியேல்லை" என்றார் முருகேசு.

அருந்ததி கட்டிலுக்கருகில் குந்தினாள்.

"புகைக்குள்ளாலை பாக்கிறமாதிரிக் கிடக்கு. விளிம்பெல்லாம் நெளியுது. மூக்கு எது, வாய் எதெண்டு பிடிபடக் கொஞ்சநேரம் எடுக்குது. ஆனா மீசை இல்லையப்பா. அது மட்டும் நிச்சயம்."

"அண்டைக்கு மூண்டு கத்தரிக்காய் எண்டியள்?"

"நீர்தானே வைச்சதெண்டு சொன்னீர்."

அருந்ததி சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு எதுவாகவோ மாறப் பார்த்தது. சீலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினாள். இரண்டு மாதமாகத் தெரியுது தெரியுது என்று சொல்லிக் குருடாகப் போய்க்கொண்டிருந்த மனுசன், வடிவாகத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார். இதைவிட நல்ல செய்தி இந்த வீட்டுக்கு இந்த வருசம் வரவில்லை. நாளை வைத்தியர் என்ன சொல்லுவார், எண்ணெயை எடுக்கும்போது திரை நிற்குமா, கீழே கழன்றால் ஏன் மேலே மறைக்கிறது, ஒன்றும் அவளுக்கு விளங்கவில்லை. விளங்காதவை ஒருபக்கம் கிடக்கட்டும் என்று கேத்திலை அடுப்பில் வைத்தாள்.

கட்டில் பக்கமிருந்து குரல்கள் வந்தன.

"அந்தப் பூவரசு நீங்கள் தள்ளி நட்டதுதான் அண்ணை."

"நான் நேரைதான் நட்டனான். அது வளைஞ்சது."

"அரை முழம் வளையுமோ?"

"எழும்பின உடனை வா, முழக்கோலோடை அளந்து காட்டுறன். உனக்கு இப்பதான் கண் தெரியுதே."

"வடிவாத் தெரியேல்லை எண்டு சொன்னனானெல்லே."

"அப்ப நல்லது. நான் சொல்லுறதை நம்பு."

அருந்ததி மூன்று கோப்பையில் தேத்தண்ணி ஊற்றினாள். மேலே குப்புறக் கிடப்பவருக்கு ஸ்ரோ இருக்கிறது. அவள் கோப்பைகளை எடுத்துக்கொண்டு வந்து கட்டிலுக்கு முன்னால் நின்றாள். கீழே மல்லாக்கக் கிடக்கிறவர் வெளியே வருகிற எண்ணத்தில் இருப்பதாகத் தெரியவில்லை. அவருக்கு எப்படிக் கொடுப்பது என்றுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.